சோபாவை வாசலில் வைக்கும் முன்: குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அம்பத்தூர், கொரட்டூர், திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி வட்டாரத்துக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

சென்னை மாநகராட்சி 2025 அக்டோபரில் ஒரு நல்ல காரியத்தைத் தொடங்கியது. பழைய சோபா, மெத்தை, துணிமணி என்று வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பவற்றைச் சனிக்கிழமைகளில் வாசலுக்கே வந்து எடுத்துச் செல்லும் ஏற்பாடு அது. மாநகராட்சியின் 7ஆவது மண்டலமான அம்பத்தூரும் அதில் அடங்கும். இரவோடு இரவாகக் கால்வாய் ஓரத்திலும் காலி மனையிலும் சோபாவைத் தள்ளிவிட்டுப் போகும் பழக்கம் இதனால் குறையுமானால் அதைவிட நல்லது வேறில்லை. ஆவடி தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. அங்கும் இப்படியொரு சேவையைச் சங்கங்கள் கேட்டு வாங்கலாம்.

ஆனால் மாநகராட்சி வண்டிக்குச் சொல்லுமுன் அந்தச் சோபாவை ஒருமுறை கவிழ்த்துப் பார்க்கும்படி உறுப்பினர்களிடம் சொல்லுங்கள். இம்மடலின் முதல் கோரிக்கை இதுதான். இரண்டாவது கோரிக்கை உங்கள் கையிலேயே இருக்கிறது: அதைப் பழுது பார்க்க உங்கள் வளாகத்தில் ஓர் இடம்.

கவிழ்த்தால் அடியில் கறுப்புத் துணி ஒன்று பின் அடித்திருக்கும். அதை ஒரு பக்கம் மட்டும் பிரித்தாலே உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்துவிடும். மரச்சட்டம்; அதன் குறுக்கே இழுத்து அடித்த நாடா அல்லது எலாஸ்டிக் பெல்ட்; சிலவற்றில் வளைந்து வளைந்து ஓடும் கம்பி ஸ்பிரிங்; அதன்மேல் சாக்குத் துணி; சாக்கின்மேல் ஃபோம்; ஃபோமின்மேல் துணியோ ரெக்சினோ. உட்கார்ந்தால் குழி விழுகிறது என்று வீட்டில் சொல்வதெல்லாம் பெரும்பாலும் பெல்ட் தளர்ந்ததாலோ ஃபோம் அமுங்கியதாலோதான். ஆடுகிறது என்றால் மூட்டு விட்டிருக்கும். பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதுப் பசை வைத்து, காயும்வரை கயிற்றால் இறுகக் கட்டிவைத்தால் சரியாகிவிடும். தேக்கோ வேறு நல்ல மரமோ ஆன சட்டத்துக்குக் கரையான் ஏறாமலும் தண்ணீரில் ஊறாமலும் இருந்தால் ஆயுள் நீளம். துணிக்கும் ஃபோமுக்கும் சில ஆண்டுகள்தான். முதலில் சாகிற பாகம் வெளியே தெரிகிறது, கடைசிவரை நிற்கிற பாகம் உள்ளே மறைந்திருக்கிறது. அதனால்தான் நல்ல சட்டங்கள் பல தம் காலத்துக்கு முன்பே தெருவுக்கு வந்துவிடுகின்றன.

எல்லாச் சோபாவையும் காப்பாற்றலாம் என்று சொல்ல வரவில்லை. பார்ட்டிகிள் போர்டில் செய்த மலிவான சட்டம் ஒருமுறை ஈரம் குடித்து உப்பினால் அதில் ஆணியும் நிற்காது, பின்னும் நிற்காது. மரத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தும்போது உள்ளே பொலபொலவென்று இறங்கினால் அது கரையானின் வேலை. இந்த இரண்டுக்கும் மாநகராட்சி வண்டிதான் சரி.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்தபோது இந்த வட்டாரம் பட்டபாடு உங்களுக்கே தெரியும். கொரட்டூரிலும் பட்டாபிராமிலும் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் இயந்திரங்கள் மூழ்கின. நீர் வடிந்தபின் தெருவெங்கும் சோபாவும் மெத்தையும் குவிந்தன. வெள்ளநீரில் ஊறிய ஃபோமை வைத்துக்கொள்ளவே கூடாது. சாக்கடை கலந்த நீர் அதன் நுண்துளைகளில் புகுந்துவிட்டால் எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் முழுதாகச் சுத்தமாகாது. மரச்சட்டம் அப்படியல்ல. துணி, ஃபோம், சாக்கு அனைத்தையும் அன்றே உரித்துப் போட்டுவிட்டு, சட்டத்தைச் சுத்த நீரில் கழுவி, நேர்வெயில் படாமல் காற்றோட்டமான நிழலில் மெல்ல உலர்த்தினால் மீண்டுவிடும். நேர்வெயிலில் அவசரமாகக் காயவைத்தால் மரம் முறுக்கிக்கொள்ளும், மூட்டுகள் விரியும். ஏரிகள் சூழ்ந்த பகுதியில் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அடுத்த பெருமழைக்கு முன் சங்கங்கள் இதை ஒரு துண்டறிக்கையாகவே கொடுக்கலாம்.

நம் வீடுகளில் இருக்கைக்குள் என்ன இருந்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு, அதில் அம்பத்தூருக்கும் ஓரிடம் உண்டு. முன்பு இலவம்பஞ்சு; போடிநாயக்கனூர்ப் பக்கம் இன்றும் அந்த வணிகம் நடக்கிறது. அதோடு தேங்காய் நார். பிறகு நாரின் மேல் ரப்பர் பாலைத் தெளித்து வேகவைத்த கயிற்று நார்ப் பலகைகள் வந்தன. 1929இல் இங்கிலாந்தில் டன்லப் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ரப்பர் பாலை நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, மெத்தையாக்கும் முறையைக் கண்டார்கள். அதே நிறுவனத்தின் டயர் ஆலை 1959இல் அம்பத்தூரில் எழுந்தது. இங்கே செய்தது டயர்தான் என்றாலும், டன்லப் மெத்தை, டன்லப் தலையணை என்பவை அந்தக் காலத்தில் வசதியான வீட்டின் அடையாளமாகவே இருந்தன. 1964இல் சென்னையில் எம்.எம். ரப்பர் நிறுவனம் தொடங்கியது, எம்.எம். ஃபோம் என்ற பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராயிற்று. இன்றைய சோபாக்களில் இருப்பது பெரும்பாலும் அந்த ரப்பர் நுரை அல்ல. ஜெர்மனியில் ஓட்டோ பேயர் 1937இல் தொடங்கிவைத்த பாலியூரித்தேன் வேதியியலின் பிள்ளை.

இந்தப் பாலியூரித்தேன் ஃபோம் வாங்கும்போது கடையில் 32 டென்சிட்டியா, 40 டென்சிட்டியா என்று கேட்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்பதே அந்த எண். எண் கூடினால் உள்ளே பொருள் கூடுதல், அமுங்க நாளாகும். உட்காரும் பலகைக்கு 40, சாயும் முதுகுக்கு 32 என்பது பொதுவாகப் பொருந்தும். ஆனால் டென்சிட்டியும் கெட்டித்தன்மையும் வேறு வேறு. 40 டென்சிட்டியிலும் மென்மையான ஃபோம் உண்டு, கெட்டியானதும் உண்டு. முதுகுவலி உள்ள பெரியவர் உட்காரும் இருக்கை என்றால் துண்டு ஃபோமைக் கடையிலேயே கீழே போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். பெரியமேட்டில் சைடன்ஹாம்ஸ் சாலைக் கடைகளில் ஃபோம், ரெக்சின், சோபாத் துணி, நாடா எல்லாம் ஒரே நடையில் கிடைத்துவிடும். ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போய் இறங்கினால் தொட்டுவிடும் தூரம்.

மேலுறையில்தான் மிகுதியான பணம் வீணாகிறது. தோல் போலவே பளபளக்கும் செயற்கைத் தோலை நம்பிப் பலர் வாங்குகிறார்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் அது செதில் செதிலாக உரிந்து உடம்பிலும் தரையிலும் ஒட்டுகிறது. காரணம் நம் காற்றின் ஈரம். துணியின்மேல் பூசிய மெல்லிய பாலியூரித்தேன் படலத்தை ஈரம் மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். உபயோகிக்காமல் மூடியே வைத்திருந்தாலும் சிதைவு நிற்காது. பி.வி.சி. ரெக்சின் இதைவிடத் தாக்குப்பிடிக்கும். ஆனால் அதை வளையவைக்கும் எண்ணெய்ப் பொருள் காலப்போக்கில் வெளியேறிவிட, விறைத்து வெடிக்கும். தலையெண்ணெயும் வியர்வையும் படும் சாய்மானத்தில் அது முதலில் தெரியும். உரிந்துபோன செயற்கைத் தோலுக்கு மேலே பசையும் பெயிண்டும் பூசினாலும் நிற்காது. முழுதாக உரித்து மாற்றுவது ஒன்றே வழி.

மாற்றும்போது நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் இசைந்த துணியையே கேட்டுப் பார்க்கலாமே. கரூரிலும் சென்னிமலையிலும் நெய்யும் கனமான பருத்தித் துணிகள் வியர்வையை உறிஞ்சும், உட்கார்ந்தால் ஒட்டாது. புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமுக்காளத்தின் கனமும் அழுத்தமும் ஈஸி சேருக்கும் திண்டு உறைக்கும் பொருத்தமானவை. பருத்தி என்றால் தைக்குமுன் ஒருமுறை நனைத்து உலர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே உறை சுருங்கி ஃபோமைப் பிதுக்கும்.

வீட்டிலேயே செய்ய விரும்புகிறவர்கள் மூன்று பேர் உட்காரும் சோபாவில் கைவைக்க வேண்டாம். சாப்பாட்டு மேசை நாற்காலியில் தொடங்குவதே அறிவு. அதன் இருக்கைப் பலகை அடியிலிருந்து நான்கு ஸ்க்ரூ கழற்றினால் தனியே வந்துவிடும். தையல் வேண்டாம், மெஷின் வேண்டாம். ஒரு ஸ்டேப்ளர் கன், ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவர், ஒரு குறடு, நல்ல கத்தரிக்கோல் போதும்.

கணக்கையும் பார்த்துவிடலாம். 18 அங்குலச் சதுர இருக்கை, 2 அங்குல ஃபோம். துணி ஃபோமின் பக்கவாட்டில் 2 அங்குலம் இறங்கி, அடியில் 2 அங்குலம் மடங்க வேண்டும். ஆக நான்கு பக்கமும் சேர்த்து 26 அங்குலச் சதுரம். சோபாத் துணியின் அகலம் வழக்கமாக 54 அங்குலம். குறுக்கே இரண்டு துண்டுகள் விழும். ஆறு நாற்காலிக்கு மூன்று வரிசை, 78 அங்குல நீளம், அதாவது இரண்டு மீட்டர். கோடோ பூவோ போட்ட துணி என்றால் ஒன்றோடொன்று பொருந்த அரை மீட்டர் கூட வாங்க வேண்டும். ஃபோம் 6 அடிக்கு 3 அடித் தாளாகக் கிடைத்தால் அதில் 18 அங்குலச் சதுரம் எட்டு விழும். நான்கு நாற்காலி உள்ள இரண்டு வீடுகள் சேர்ந்து ஒரே தாளை வாங்கினால் ஒரு துண்டும் மிஞ்சாது. சங்கம் என்று ஒன்று இருப்பதன் பயன் இத்தகைய இடங்களிலும் தெரியும்.

வேலை இப்படிப் போகும். பிரிக்குமுன் ஒவ்வொரு கோணத்திலும் செல்போனில் படம் எடுத்துவிட வேண்டும்; மூலையில் துணி எப்படி மடிந்திருந்தது என்பது பிரித்தபின் நினைவில் நிற்காது. பழைய பின்களைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக் குறடால் பிடுங்குவதுதான் அலுப்பான பகுதி, பொறுமையைச் சோதிக்கும். பழைய துணியைக் கிழிக்காமல் எடுத்தால் அதுவே புதுத் துணிக்கு அளவு. ஃபோமை அறுக்க நீளமான ஆக்சா பிளேடு நன்றாக வேலை செய்யும். கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரம் படிக்கட்டாகிவிடும். ஃபோமின்மேல் மெல்லிய ரெக்ரான் பஞ்சுப் படலம் ஒன்றைச் சுற்றிவிட்டால் ஓரங்கள் உருண்டு, உறை சீராக உட்காரும். பிறகு துணியைக் குப்புற விரித்து, அதன்மேல் ஃபோமும் பலகையும் வைத்து, முன்பக்கத்தின் நடுவில் ஒரு பின், பின்பக்கத்தின் நடுவில் ஒரு பின், இடம் வலம் நடுவில் ஒவ்வொன்று. நடுவிலிருந்து மூலையை நோக்கி மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே போக வேண்டும். ஒரே பக்கத்தை முழுதும் அடித்து முடித்துவிட்டு எதிர்ப்பக்கம் போனால் இழுவை ஒருபுறமாகிக் கோடு சாய்ந்துவிடும். மூலை எப்போதும் கடைசி.

இதில் கை பழகியவர்கள் ஜிப் வைத்த திண்டு உறைக்குப் போகலாம். வீட்டுத் தையல் மெஷினே போதும், ஊசியை மட்டும் 16 அல்லது 18ஆம் எண்ணுக்கு மாற்றி, பருத்தி நூலுக்குப் பதில் பாலியஸ்டர் நூல் போட வேண்டும். ரெக்சினில் குண்டூசி குத்தினால் அந்த ஓட்டை ஆயுளுக்கும் இருக்கும். கிளிப் போட்டுப் பிடிப்பதே வழி.

அதற்கு மேல் போக வேண்டுமானால், பட்டன் வைத்த முதுகு, உருண்ட கைப்பிடி, பைப்பிங் ஓடும் விளிம்பு என்று வந்துவிட்டால், குஷன் வேலைக்காரரைக் கூப்பிடுவதுதான் மரியாதை. அது பல ஆண்டு கைப்பழக்கம். இந்த வட்டாரத்தில் அந்தக் கைகளுக்குப் பஞ்சமும் இல்லை. பக்கத்திலேயே பெரம்பூர் ஐ.சி.எஃப்.; 1955இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையில் ரயில் பெட்டிகளுக்குள் இருக்கையும் படுக்கையும் பொருத்தும் பிரிவு 1962இல் தனியாக வந்தது. ஆவடியில் ராணுவச் சீருடைகள் தைக்கும் படைத்துறை உடைத் தொழிற்சாலை 1960களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. அங்கெல்லாம் கனத்த துணியோடு வாழ்நாளைக் கழித்து ஓய்வுபெற்றவர் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். விசாரித்துப் பாருங்கள். ஒரு ஞாயிறு காலை இளையவர்களுக்கு அவர் சொல்லித்தர மாட்டாரா என்ன?

தெருவில் சைக்கிளிலும் மூன்று சக்கர வண்டியிலும் சோபா ரிப்பேர் என்று அறிவித்துக்கொண்டு வருகிறவர்களைப் பற்றியும் பேச வேண்டும். இவர்கள் சோபாவைக் கடைக்குத் தூக்கிப்போக மாட்டார்கள். வீட்டு வாசலில், திண்ணையில், மொட்டைமாடியில் வைத்தே முடிப்பார்கள். தனி வீடுகளில் சிக்கலில்லை. அடுக்ககங்களில்தான் சிக்கல். வாகன நிறுத்துமிடத்தில் வேலை செய்யக்கூடாது, தூசி பறக்கிறது, காவலாளி உள்ளே விடுவதில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறோம். புதுச் சோபா லாரியில் வந்து இறங்க எந்தத் தடையும் இல்லை, பழையதைச் சரிசெய்கிறவர் உட்கார ஆறுக்கு எட்டு அடி இடம் இல்லை. இது மாற வேண்டும், மாற்றுகிற அதிகாரம் சங்கங்களிடம்தான் இருக்கிறது.

பூந்தமல்லிச் சங்கங்களுக்குத் தனியாக ஒரு செய்தி. பிரம்பு பின்னிய நாற்காலி இன்னும் சில வீடுகளில் இருக்கும். தாத்தாவின் எழுதும் நாற்காலி, பழைய ஊஞ்சல், சாய்வு நாற்காலி. அதன் பின்னல் வெறும் அழகல்ல. நீளவாட்டில் இரண்டு, குறுக்கே இரண்டு, மூலைவிட்டமாக இரண்டு என ஆறு ஓட்டங்கள் ஒன்றை ஒன்று கவ்விப் பிடிப்பதால்தான் எண்கோணக் கண்கள் விழுகின்றன, அத்தனை மெல்லிய பிரம்பு ஒரு ஆளின் எடையைத் தாங்குகிறது. நம் நாட்டில் இந்தப் பின்னல் நெடுங்காலம் பார்வையற்றோருக்கான தொழிற்பயிற்சியில் முக்கியமான ஒன்றாக இருந்தது. அரசு அலுவலக நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னும் வேலைக்கு அவர்களை அமர்த்துவதும் வழக்கமாக இருந்தது. விரல் நுனியால் துளையை எண்ணி, இழையின் இறுக்கத்தை உணர்ந்து செய்யும் வேலை அது. பிளாஸ்டிக் நாற்காலியும் சுழல் நாற்காலியும் வந்தபோது போனது பிரம்பு மட்டுமல்ல, அவர்களின் சம்பளமும்தான். பூந்தமல்லியில் அரசு பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பார்வைக் குறைபாடுடையோர் நிறுவனத்தின் மண்டல மையமும் டிரங்க் ரோட்டில் இருக்கிறது. இந்தக் கைத்தொழில் தெரிந்தவர்களைத் தேட இவற்றைவிட நல்ல தொடக்கப்புள்ளி இந்த வட்டாரத்தில் கிடையாது. கரையான்சாவடி, குமணன்சாவடிப் பக்கம் உள்ள சங்கங்கள் பத்து நாற்காலிகளைச் சேர்த்து ஒரே ஆர்டராகக் கொடுத்தால் அது ஒருவருக்குச் சில வார வருமானம்.

பின்னல் அறாமல் தொய்வு மட்டும் விழுந்திருந்தால் ஆளே வேண்டாம். நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் வெந்நீர் நனைத்த துணியால் நன்றாக ஒற்றி, யாரும் உட்காராமல் ஓர் இரவு காயவிட்டால் பிரம்பு சுருங்கி இறுகும்.

இனி நெருப்பைப் பற்றி. போகி அன்று பழையன கழிக்கிற பெயரில் கிழிந்த திண்டையும் ரெக்சினையும் கொளுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2018 போகியில் புகைமூட்டம் சென்னை விமான நிலையத்தையே முடக்கியது, விமானங்கள் திருப்பிவிடப்பட்டன. பாலியூரித்தேன் ஃபோம் எரியும்போது கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வெளிவரும். 1979 மே மாதம் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒரு பல்பொருள் அங்காடியில் அடுக்கியிருந்த சோபாக்கள் தீப்பற்றிப் பத்துப் பேர் இறந்தார்கள். அந்தத் துயரமும் அதையொத்த வீட்டுத் தீவிபத்துகளும்தான் 1988இல் அந்நாடு சோபாக்களுக்குத் தீப்பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரக் காரணம். சட்டத்துக்கு இசையத் தீத்தடுப்பு ரசாயனங்களை ஃபோமிலும் துணியிலும் சேர்த்தார்கள். அவற்றில் சில மண்ணிலும் உடலிலும் சிதையாமல் தங்குபவை என்று பின்னால் தெரியவந்தது. 2023 முதல் இங்கிலாந்தில் அத்தகைய பழைய சோபாக்களைக் குப்பைமேட்டில் புதைக்க அனுமதியில்லை. உயர்வெப்ப உலையில்தான் அழிக்க வேண்டும். ஒரு நாடு நாற்பதாண்டுகள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் பொருளை நாம் தெருமுனையில், குழந்தைகள் மேளம் கொட்டும் இடத்தில் கொளுத்துகிறோம். இதைச் சங்கங்கள் தத்தம் வளாகத்திலாவது தடுத்தே ஆக வேண்டும். வேண்டுகோளாக அல்ல, விதியாகவே. பிரித்தெடுத்த பழைய ஃபோமையும் ரெக்சினையும் கட்டிவைத்து அந்தச் சனிக்கிழமை வண்டியிடமே ஒப்படைக்கலாம். முழுச் சோபாவைவிட அது எவ்வளவோ சிறிய மூட்டை.

சங்கங்களிடம் கேட்பது பெரிய செலவில்லை. தரைத்தளத்தில் ஒரு மூலை, ஒரு பிளக் பாயின்ட், ஒரு மின்விசிறி. பெரிய வளாகங்கள் ஒரு நல்ல ஸ்டேப்ளர் கன்னையும் பின் பெட்டிகளையும் ஏணி, துளைக்கருவிபோலப் பொதுவில் வாங்கி வைக்கலாம். குஷன் வேலை தெரிந்த இருவர் மூவருடைய பெயரைக் காவலாளி அறையில் எழுதிவைத்து, அவர்கள் வந்தால் உள்ளே விடச் சொல்லலாம். கூலியை முன்பே பேசி, ஃபோம் எத்தனை டென்சிட்டி, துணி யார் வாங்குவது, பெல்ட் மாற்றுவதும் இதில் அடக்கமா என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளும் வழக்கத்தையும் ஏற்படுத்தினால், பின்னால் வருகிற மனத்தாங்கலில் பாதி குறையும். வேலைக்காரருக்கும் அதுவே பாதுகாப்பு.

காலத்தைப் பற்றி ஒரு சொல். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலை ஆகாது. பசை பிடிக்காது, மரம் ஈரத்தில் உப்பியிருக்கும், ஃபோமில் பூஞ்சை வாசம் ஏறும். மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் கிடைக்கிற வறண்ட நாட்கள்தான் தோது. அதே நாட்களில் பொங்கல் நெருங்குவதால் குஷன் வேலைக்காரர்களுக்கு ஓய்வொழிவு இருக்காது, கடைசி வாரத்தில் கூப்பிட்டால் வரமாட்டார்கள். டிசம்பர் முதல் வாரக் கூட்டத்திலேயே இதைப் பேசி, எந்தெந்த வீட்டில் என்ன வேலை என்று பட்டியல் எடுத்துவிட்டால், துணியும் ஃபோமும் சேர்த்து வாங்கவும், ஆளுக்கு முன்பணம் கொடுத்து நாள் குறிக்கவும், போகிக்கு முன் வேலையை முடிக்கவும் அவகாசம் இருக்கும்.